எழுதாத சட்டத்துக்கு எல்லைக்கல் இல்லை

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டு என் மகள் தர்ஷினி வலது கையை உயர்த்தி மலாயில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே ஈப்போவில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் காலைச் சபைகூடலில் இந்த நாட்டின் ஐந்து கோட்பாடுகளைச் சொல்வார்கள். மறுநாள் முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பது அவள் முறையாம்.

"அப்பா, சரியா சொல்றேனா பாருங்க."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அண்ணனைக் கேளு."

"அவன் சிரிப்பான்லா."

அண்ணன்காரன் தினேஷ் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நான்தான் கேட்டேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"மூணாவது, அரசியலமைப்புச் சட்டம்தான் எல்லாத்தையும் விடப் பெருசு. நாலாவது, சட்டம்தான் ஆளும். யாரா இருந்தாலும் அதுக்குக் கீழதான்னு டீச்சர் சொன்னாங்க."

"யாரா இருந்தாலுமா?"

"ஆமாப்பா. உங்க ஊர்ல யாரு பெருசு?"

என் பிள்ளைகள் எப்போதும் 'உங்க ஊரு' என்றுதான் சொல்வார்கள். என்ன சொல்வது என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து என் தங்கை மங்கை. அவள் பேசி முடித்தபோது சோறு ஆறிவிட்டது. தர்ஷினியின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் குறிப்புதான் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் ஜவ்வாது மலைக்காரன். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஊர். சாமையும் கொள்ளும் விளையும். நான் படித்தது ஐந்தாவது வரை. பிறகு போளூரில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். பரோட்டாக் கல்லில் நிற்கக் கற்றேன். அந்தக் கைவேலைதான் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. இங்கே கொஞ்சம் மாற்றி அடித்தால் அதற்கு ரொட்டி சானாய் என்று பெயர். இங்கேயே பிறந்து வளர்ந்த ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்தன்று கொடி ஏற்றுவார்கள். நமக்கு நாமே சட்டம் எழுதி வைத்துக்கொண்ட நாள் இது, இனி இதற்கு மேல் யாரும் கிடையாது என்று வாத்தியார் பேசுவார். பேசி முடித்ததும் கொடிக் கயிற்றை எங்கள் ஊர் நாட்டார் கையில் கொடுப்பார். ஊர் வழக்கைத் தீர்ப்பவரை எங்கள் பக்கம் நாட்டார் என்போம். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வருகிற பதவி. அவர் கயிற்றை இழுப்பார், பூ கொட்டும், ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும். அவர் முகத்தைவிட அவர் தலைப்பாகைதான் எனக்கு நினைவிருக்கிறது. நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

நாட்டாரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. மழை தவறிய வருஷங்களில் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது அந்தக் குடும்பம். வரப்புத் தகராறு ஒரே நாளில் தீரும், வக்கீல் வேண்டாம். ஆனால் குற்றம் இது என்று சொல்பவர் அவர். விசாரிப்பவர் அவர். தீர்ப்பவரும் தண்டம் வாங்குபவரும் அவரே. இத்தனையும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்றுதான் நாடுகள் சட்டம் எழுதிக்கொண்டன என்பதை நான் பின்னால், கடையில் பொட்டலம் கட்டும் பழைய பேப்பரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல வேண்டிய நாளில் மிட்டாய் கொடுத்துவிட்டார்கள்.

3

என் தங்கை மங்கை பத்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் பயமில்லாத ஒரே ஆள். போளூரில் துணிக்கடையில் வேலைக்குப் போனாள். அங்கே டைல்ஸ் ஒட்ட வந்த ரவியைப் பார்த்தாள். ரவி படவேட்டுப் பக்கத்துக்காரர், வேறு சாதி. இருவரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது.

மலைக்காரப் பெண் கீழ்நாட்டு ஆளைக் கட்டினால் ஊர் அவளைத் தள்ளிவைக்கும். புளியமரத்தடியில் ஊர் கூடியது. ஊர் எல்லைக்கல்லை அவள் தாண்டக்கூடாது, ஊருக்குள் அவளுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று சொன்னார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. அவளுக்கு ஒரு மகன் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எங்கள் அம்மா அவனைப் பார்த்ததே இல்லை.

அம்மா என் தம்பி ஏழுமலையோடு ஊரில் இருந்தது. இந்த வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, கால் வீங்கிவிட்டது. மங்கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இதைக் கேள்விப்பட்டு மங்கை நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி நல்லவர்தான். நாட்டாரைக் கூப்பிட்டு அனுப்பினார். இப்போது நாட்டாராக இருப்பவர் கொடி ஏற்றியவரின் மகன். வந்து கைகட்டி நின்றார். நடந்ததை மங்கை அப்படியே எனக்குச் சொன்னாள்.

"பொண்ணு பெத்த தாயப் பாக்கக்கூடாதுன்னு தடுத்தீங்களா? உள்ள வெச்சிருவேன்" என்றாராம் அதிகாரி.

"நாங்க இன்னாத்துக்கு சார் தடுக்கறோம்? வரட்டும். கல்லத் தாண்டி வரட்டும், பாக்கட்டும், போவட்டும். யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

"அப்புறம் இன்னா பிரச்சன?"

"பிரச்சனயே இல்ல சார். நாளைக்கு அந்தக் கெழவி செத்தா நாங்க தூக்க வர மாட்டோம். அவ்ளோதான். எங்க கை, எங்க காலு. தூக்கியே ஆவணும்னு சட்டத்துல இருக்குதா? இருந்தா காட்டுங்க, தூக்கறோம்."

வெளியூர் வாசகர்களுக்கு இதன் கனம் புரிய வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்பான். குழி வெட்டுவது, தூக்குவது, மூடுவது எல்லாம் ஊர்தான். செத்தவர் வீட்டு ஆள் மண்வெட்டியைத் தொடக்கூடாது. துக்கத்தில் இருப்பவனை வேலை வாங்கக்கூடாது என்று யாரோ இரக்கப்பட்டு ஏற்படுத்திய வழக்கமாகத்தான் இருக்கும். இப்போது அதே வழக்கம் எங்கள் கழுத்தில் கயிறாக விழுந்தது. ஊர் வராவிட்டால் அம்மாவுக்குக் குழி இல்லை.

அதிகாரி டீயைக் குடித்து முடித்தாராம். பிறகு, "நீங்களே பேசி முடிச்சிக்கங்கம்மா" என்றாராம். அவரை என்ன சொல்வது? வர மாட்டேன் என்பவனை வா என்று பிடித்து இழுக்க எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்த உரிமையை எல்லாரும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு எதிராக வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மங்கை அதோடு விடவில்லை. எங்கள் பஞ்சாயத்துக்குத் தேர்தலில் ஜெயித்த தலைவி ஒருத்தர் இருக்கிறார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம். படவேடு கோயிலுக்கு அவர் வந்தபோது மங்கை பிடித்துக்கொண்டாள்.

"நான் ஓட்டு வாங்கி ஜெயிச்சவதான்மா, இல்லேங்கல" என்றாராம் அவர். "ஊரு கூடறப்ப நானே புளியமரத்துக்குப் பின்னாலதான் நிக்கறேன். பொம்பள முன்னால வரக்கூடாது. உன்ன எங்க முன்னால இட்டாறது?"

4

அந்த ஞாயிற்றுக்கிழமை மங்கை என்னைக் கூப்பிட்டது இதற்குப் பிறகுதான்.

"அண்ணா, நான் போனா அம்மாவத் தூக்க ஆளில்ல. போவலன்னா என்னப் பாக்காமலே போயிடும். இன்னா பண்றது, நீ சொல்லு."

என்னை யாரும் யோசனை கேட்பதில்லை.  மாலையில் கல்லில் ரொட்டி அடித்துக்கொண்டே யோசித்தேன். ஊர் சொன்னது என்ன? எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. ஊருக்குள் நெருப்பும் தண்ணீரும் கிடையாது. அவ்வளவுதான் சொன்னார்கள். மங்கை உள்ளே போகக்கூடாது, சரி. அம்மா வெளியே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? அம்மாவைப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்? வைத்தியத்துக்கு வைத்தியமும் ஆயிற்று.

மறுநாள் தம்பி ஏழுமலையிடம் சொன்னேன். 

"தப்பு வராதாண்ணா?"

"கல்லுக்கு அந்தப் பக்கம் ஊரு இன்னாடா பேசும்? ஆஸ்பத்திரி கவர்மென்ட்டு இடம்."

"வெளிநாட்டுக்கு ரொட்டி சுடப் போனியா, வக்கீலுக்குப் படிக்கப் போனியா?" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. "சரி, ஜீப்புக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்றான்.

அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி கூட, "என்னய்யா, இன்னிக்கு ரொட்டி பறக்குது" என்றார்.

5

இங்கே என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டு ஆணைக் கட்டிய வெளிநாட்டுப் பெண் குடியுரிமை கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிய என் போன்ற ஆணுக்கு அந்த வழி எழுதப்படவில்லை. வேறு சுற்றுவழி உண்டு. அதற்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும். அதுவரை பாஸ்போர்ட்டில் நீண்டகால வருகை அனுமதி என்று ஒன்று ஒட்டித் தருவார்கள். அது முடிவதற்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஈஸ்வரியும் கூட வந்து, ஆமாம், இவர் என் புருஷன்தான், இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கவுன்டரில் இருப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அவள் பேச, நான் அவள் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பையாக நிற்பேன்.

தினேஷ் சின்னவனாக இருந்தபோது அதில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "அப்பா, நீங்க இங்க விசிட்டரா?" என்று கேட்டான். இப்போதும் நான் குழாயைச் சரியாக மூடவில்லையென்றால், "விசிட்டர் வந்துட்டுப் போயிட்டார் போல" என்பான். விளையாட்டுக்குத்தான். அவன் அம்மா சிரிப்பாள், நானும் சிரிப்பேன். 'வூடு' என்று நான் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். அவனிடம் எதையாவது சொல்ல நினைத்தால் முதலில் மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் அவன் எழுந்து போய்விடுகிறான்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். இங்கே எனக்கு இல்லாதது எது என்று எழுதியிருக்கிறது. அதை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். இதுவரைக்கும்தான், இதற்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தாலும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிவது ஒரு நிம்மதி. ஊர்ச் சட்டத்தையும் நான் அதே கண்ணோடு பார்த்துவிட்டேன். வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட புத்தி அது.

6

அம்மாவைப் போளூருக்குக் கொண்டுபோனார்கள். மங்கையும் ரவியும் பையனும் வந்தார்கள். ஏழுமலை படம் எடுத்து அனுப்பினான். கட்டிலில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மங்கை டம்ளரைப் பிடித்திருக்க, டீ குடிக்கிறது. மடியில் பேரன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அம்மா அவன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் அதே மாதிரி மடங்கின காதுதான். தொலைபேசியில் அம்மா என்னிடம் பேசியது.

"மகராசனா இருப்ப. எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றது. மூச்சு வாங்கியது. "டீத்தண்ணிலதான் சர்க்கரயே இல்ல. ஒன் தங்கச்சி கஞ்சப்பிசினாறி."

பின்னால் மங்கை சிரிப்பது கேட்டது.

அந்தப் படத்தைத் தர்ஷினிக்குக் காட்டினேன். "இவங்கதான் பாட்டியா? என்னை மாதிரியே மூக்கு" என்றாள். என் பிள்ளைகளில் ஒருத்தி என் ஊர் முகத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அம்மா ஊருக்குத் திரும்பியது. ஜீப்பில் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களும் இருந்தார்கள். மூடி மறைக்க நாங்கள் நினைக்கவும் இல்லை. தப்பில்லை என்றுதானே செய்தோம். புளியமரத்தடியில் ஊர் கூடியது. ஏழுமலையை நடுவில் நிறுத்தினார்கள்.

"கல்லத் தாண்டி யாரும் உள்ள வரலயே" என்றிருக்கிறான் அவன், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. "அம்மாதான வெளிய போச்சு? கல்லுக்கு வெளிய ஊருப் பேச்சு இல்லியே?"

நாட்டார் கோபப்படவில்லையாம். "கல்லு ஊருக்குடா. விலக்கு ஆளுக்கு" என்றாராம். "அவ கையால தண்ணி வாங்குனவங்க எங்க வாங்குனா இன்னா? சந்திரன்ல போயி வாங்குனாலும் வாங்குனதுதான்."

எல்லாரும் சிரித்தார்களாம். முன்னால் ஊர் கூடியபோது இப்படி ஒரு விதியை யாரும் சொல்லவில்லை. அன்று அந்த நேரத்தில் அவர் வாயில் பிறந்தது. பிறந்ததும் அது காலங்காலமாக இருந்த வழக்கமாகிவிட்டது. தலைகளெல்லாம் ஆமாம் என்று ஆடின. எழுதின சட்டத்தில் ஓட்டை தேடலாம். எழுதாததில் எங்கே தேடுவது? அதற்கு எல்லைக்கல்லே கிடையாது என்பது, ஐந்தாவது படித்த எனக்கு மட்டுமல்ல, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. கல்லை நம்பியவன் நான் ஒருவன்தான்.

தம்பி வீட்டையும் தள்ளிவைத்தார்கள். அவன் பெண்டாட்டி குழாயடிக்குப் போனால் மற்ற குடங்கள் ஒதுங்கின. அவள் ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

7

ஒரு வாரம் போனது. அம்மா காலையில் இறந்தது.

எனக்கு அனுமதி முடிய சில நாள்கள்தான் இருந்தன. புதுப்பிக்காமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று ஈஸ்வரி விசாரித்துச் சொன்னாள். போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. நான் போகவில்லை. தினேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.  என் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

ஊரில் அன்று மத்தியானம் வரை ஒரு மண்வெட்டியும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏழுமலை ஈரத்துணியோடு புளியமரத்தடிக்குப் போய் ஊர் முன்னால் குப்புற விழுந்தான். தண்டம் கட்டுவதாக ஒத்துக்கொண்டான். அது போதவில்லை. வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். மங்கை என்று எங்களுக்கு ஓர் உடன்பிறப்பு இல்லை என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் மண்வெட்டிகள் எழுந்து வந்தன. பஞ்சாயத்துத் தலைவியம்மா மரத்துக்குப் பின்னால் நின்று அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மங்கை எல்லைக்கல்வரை வந்துவிட்டாள். ரவியும் வந்தார். தனியாக வரவில்லை, காவல் நிலையத்து அதிகாரி ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு அனுப்பியிருந்தார். போலீஸ்காரர் கல்லைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொண்டு கூப்பிட்டாராம்.

"வாங்கம்மா. நான் இருக்கேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

யாரும் தடுக்கவில்லை. கல்லிலிருந்து பார்த்தால் இடுகாட்டு மேடு தெரியும். குழி பாதி வெட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மண்வெட்டிகளைக் கீழே வைக்கவில்லை, வெட்டவும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்று அவள் காலைப் பார்த்தார்கள்.

அவள் பக்கம் சட்டம் முழுசாக இருந்தது. அரசியல் சட்டம், காவல்துறை, கல்யாணப் பதிவு எல்லாம் சேர்ந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று வா வா என்று கூப்பிட்டன. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். எடுத்து வைத்தால் அம்மா வெயிலில் கிடக்கும்.

அவள் வைக்கவில்லை. கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மண்வெட்டிகள் மறுபடி இறங்கின. மண் தள்ளி முடிகிறவரை அங்கேயே இருந்தாள். "யாரும் தடுக்கலியேம்மா, நீங்கதான் வரல" என்று போலீஸ்காரர் எரிச்சலோடு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம். அவர் எழுதி அனுப்பியிருக்கும் அறிக்கையிலும் அதுதான் இருக்கும். தடுப்பு எதுவும் இல்லை. அமைதியாக முடிந்தது.

சாயங்காலம் ஏழுமலை பேசினான். 

"நல்லபடியா எடுத்துட்டோம்ண்ணா. எல்லா வூட்டுலேர்ந்தும் வந்துட்டாங்க."

"சரிடா."

"அண்ணா..." என்று நிறுத்தினான். "ஆஸ்பத்திரிக்கு யோசன சொன்னது யாருன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். சொல்லாம வுட மாட்டாங்க. ஒன்னையும் தள்ளிவெச்சதுல சேத்துட்டாங்க. இனிமே எனக்குப் போன் பண்ணாத. நானும் பண்ண மாட்டேன். புள்ளைங்க இங்க இருக்கணும் இல்ல?"

 மங்கையைப் போலவே என்னையும் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.  ஏழுமலை போனை வைத்துவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை தர்ஷினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் மறுபடியும் அவளையே ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்களாம், நன்றாகச் சொல்கிறாள் என்று. காலணி மாட்டிக்கொண்டே ஐந்தையும் முணுமுணுத்தாள். மூன்றாவதில் ஒரு வார்த்தை தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தாள். நன்றாகச் சொல்லு என்று வாசலில் நின்று கையசைத்தேன். அவளுக்காவது அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

கடையில் இருக்கும்போது மங்கை கூப்பிட்டாள். பின்பக்கம் போய் எடுத்தேன்.

"ஒன்னையும் தள்ளிவெச்சிட்டாங்களாமே?"

"ஆமா."

 அவள் பக்கம் கரும்பு லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"வுடுண்ணா" என்றாள். "இனிமேதான் நீயும் நானும் ஒரே ஊரு."

முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். மாவு காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் தொட்டுக்கொண்டு கல்லுக்குப் போனேன்.